மலையிலிருந்து இறங்கியபோது



தபசுகாலத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஆண்டுதோறும் திருச்சபை நம்மை ஒரு மலைக்கு அழைத்துப் போகிறது. இராயப்பர், யாகப்பர், அருளப்பர் என்னும் மூவரையும் கூட்டிக்கொண்டு நமதாண்டவர் ஏறுகிறார். அங்கே அவர் மறுரூபமாகிறார். மோயீசனும் எலியாசும் தோன்றி அவரோடு பேசுகிறார்கள். இராயப்பர் மூன்று கூடாரம் அமைப்போம் என்கிறார். மேகத்திலிருந்து பிதாவின் குரல் கேட்கிறது. அன்றைய நற்செய்தி வாசகம் அவ்வளவோடு, அல்லது இறங்கும் வழியில் ஆண்டவர் இட்ட ஒரு கட்டளையோடு நின்றுவிடுகிறது. குருவானவர் புத்தகத்தை முத்தி செய்கிறார், நாங்களும் உட்கார்ந்துவிடுகிறோம். அவர்கள் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபின் என்ன நடந்தது என்பதை எங்களில் எத்தனைபேர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை விரித்துப் பார்த்திருக்கிறோம்?

மலை ஏறுவதையே ஒரு விளையாட்டாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், எது கடினம், ஏறுவதா இறங்குவதா என்று கேட்டால், இறங்குவதுதான் என்பார்கள். நம் நாட்டுச் சிவனொளிபாதமலைக்கு இராவோடிராவாக ஏறி, சூரிய உதயம் பார்த்துத் திரும்பியவர்கள் வாசகர்களிலும் இருப்பார்கள். அதன் உயரம் 2243 மீற்றர். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். ஏறும்போது வாயில் பாட்டு இருக்கும். இறங்கும்போது பேச்சும் இராது. அங்கேயாவது படிக்கட்டு உண்டு, தேநீர்க் கடை உண்டு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைகளோ அதைப்போல இருமடங்கு உயரமானவை. படிக்கட்டுக்குப் பதிலாகப் பாறையும் உறைபனியும்தான்.

அந்த மலைகளில் ஏறுகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பின், விடிய வெகுநேரம் இருக்கவே புறப்பட்டுவிடுவார்கள். காரணம் இருக்கிறது. இரவுக் குளிரில் பனி கல்லுப்போல இறுகிக் கிடக்கும், கால் வைக்கலாம். சூரியன் ஏற ஏறப் பனி இளகும். ஆழமான வெடிப்புகளின்மேல் பாலம்போல மூடிக் கிடக்கும் பனி பலம் இழக்கும். உறைபனி பிடித்து வைத்திருந்த கற்கள் கழன்று விழத் தொடங்கும். ஆகவே இறங்குகிறவன், களைத்த காலோடு, ஏறிய வேளையிலும் கெட்டுப்போன வழியில் வருகிறான். ஏறும்போது கைக்கும் கண்ணுக்கும் நேரே இருந்த பிடிகள் இப்போது அவன் பாதத்துக்குக் கீழே மறைந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் மேலாக, நினைத்ததை முடித்துவிட்டோம் என்று மனம் தளர்ந்துபோயிருக்கிறது. கால் வழுக்குவது அப்போதுதான்.

இந்த ஆபத்துக்காகவே அவர்கள் ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொள்வார்கள். ஒருவன் சறுக்கினால் மற்றவர்கள் தாங்கவேண்டும். அதில் ஒரு ஒழுங்கு உண்டு. ஏறும்போது வல்லவன் முன்னே போவான். இறங்கும்போது பொதுவாக அவன் எல்லாருக்கும் பின்னே, மேலே நின்று வருவான். கீழே போகிறவன் விழுந்தால் பிடித்து நிறுத்துகிறவன் அவன்தான். குடும்பத் தலைவர்களும், எங்களைப்போன்ற குருக்களும் இந்த ஒழுங்கைச் சற்றே யோசித்துப் பார்ப்பது நல்லது. முன்னே நடந்து வழி காட்டும் ஆசை எங்கள் எல்லாருக்கும் உண்டு. பின்னே நின்று, பிள்ளைகளின் பாரத்தை இடுப்பில் உணர்ந்தபடி, மெதுவாக அடியெடுத்து வைக்கும் பொறுமை எத்தனைபேருக்கு உண்டு?

சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையிலே மட்டர்ஹோர்ன் என்றொரு மலை நிற்கிறது. 4478 மீற்றர் உயரம். ஈட்டி முனைபோல ஒடுங்கியது. அதன் உச்சியை மனிதர் மிதிக்க முடியாது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1865ஆம் ஆண்டு யூலை மாதம் 14ஆம் திகதி எட்வேர்ட் விம்பர் என்னும் ஆங்கிலேயரும் அவரோடு ஆறுபேரும் அந்த உச்சியில் நின்றார்கள். ஒரு மணிநேரம் அங்கே மகிழ்ந்திருந்துவிட்டு, ஏழுபேரும் கயிற்றில் பிணைந்தவர்களாய் இறங்கத் தொடங்கினார்கள்.

எல்லாருக்கும் கீழே போனவர் மிஷேல் குறோ என்னும் பிரெஞ்சு நாட்டு வழிகாட்டி, கைதேர்ந்தவர். அவருக்கு அடுத்தவர் ஹடோ என்னும் 19 வயது வாலிபர். மலை அனுபவம் மிகக் குறைந்தவர். அவருடைய கால் தடுமாறுவதைக் கண்ட குறோ, தம்முடைய பனிக்கோடரியை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்த வாலிபரின் பாதங்களைப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பாறையில் பொருத்திவிட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒருமுறை பொருத்திவிட்டுத் தாம் அடுத்த அடி வைக்கத் திரும்பிய வேளையில் ஹடோ வழுக்கி அவர்மேல் விழுந்தார். இருவரும் போனார்கள். அந்த இழுப்பில் ஹட்சன் என்னும் ஆங்கிலிக்கன் குருவும், பிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவும் போனார்கள். மேலே நின்ற மூவர், விம்பரும் தௌக்வால்டர் என்னும் தகப்பனும் மகனும், பாறையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். கயிறு விறைத்தது, டக்ளசுக்கும் தகப்பன் தௌக்வால்டருக்கும் நடுவே அறுந்தது. கீழே இருந்த நால்வரும் ஆயிரம் மீற்றருக்கு மேலான பள்ளத்தில் விழுந்து மாண்டார்கள். டக்ளசின் உடல் இன்றுவரை கிடைக்கவேயில்லை.

விம்பர் பிறகு அறுந்த துண்டைப் பார்த்துத் திடுக்கிட்டார். அவர்கள் கொண்டுபோன கயிறுகள் மூன்று விதம். அவற்றுள் மிகப் பழையதும் மிகப் பலவீனமானதும்தான் அந்த இடத்தில் கட்டப்பட்டிருந்தது. நல்ல கயிறு அவர்களிடம் இல்லாமற் போகவில்லை. இருந்தது, கட்டப்படவில்லை. தகப்பன் தௌக்வால்டர் கயிற்றை வெட்டிவிட்டார் என்றுகூட ஊரார் கதைத்தார்கள். விசாரணையில் அவர்மேல் குற்றம் காணப்படவில்லை. அந்தத் துண்டுக் கயிறு செர்மாட் என்னும் ஊரின் நூதனசாலையில் இருக்கிறது.

அன்பானவர்களே, செபமாலை எங்கள் வீட்டில் இல்லையா? பாவசங்கீர்த்தனத் தொட்டி எங்கள் கோவிலில் இல்லையா? தேவ நற்கருணை எங்களுக்குக் கிடையாதா? எல்லாம் இருக்கிறது. ஆனால் சோதனை வந்து இழுக்கிற நேரத்தில் எங்கள் இடுப்பில் கட்டியிருப்பது என்ன? சிறுவயதில் மறைக்கல்வியில் பாடமாக்கிய நாலு மந்திரம். தாயார் உயிரோடிருந்த காலத்தில் போன திருப்பலி. எப்போதோ ஒரு பெரிய வியாழனன்று செய்த பாவசங்கீர்த்தனம். அந்தப் பழைய கயிறு நடக்கும்போது போதும். விழும்போது போதாது.

மடுத் திருவிழாவுக்குப் போய், காட்டு நிழலில் நாட்கணக்காய்த் தங்கி, மாதாவின் ஆசீரைப் பெற்றுத் திரும்புகிறவர்களைப் பாருங்கள். போகும்போது எத்தனை செபம், எத்தனை பாட்டு! திரும்பும்போது பஸ்ஸில் இடம் பிடிப்பதற்கு எத்தனை தள்ளுமுள்ளு! மற்றவர்களைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பல ஆண்டுகளுக்கு முன், குருக்களுக்கான வருடாந்தத் தியானம் முடித்து, மனம் நிறைந்தவனாய்ப் பங்குக்குத் திரும்பியிருந்தேன். பை இன்னும் அவிழ்க்கவில்லை. வாசலில் ஒரு வயோதிப மாது நின்றார்.

“சுவாமி, பேரப்பிள்ளையின்ர ஞானஸ்நானத் துண்டு ஒண்டு எடுக்க வந்தனான்.”

“இப்ப ஏலாது அம்மா. நாளைக்கு வாங்கோ” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சொன்னதிலும் பார்க்கச் சாத்திய விதம் மோசம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறி வந்தவர் என்று பிறகு சமையற்காரர் சொல்லித்தான் தெரியும். மறுநாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் துண்டை எழுதிக்கொண்டு நான் போய்க் கொடுத்தேன். எட்டு நாள் தியானத்தில் நான் எவ்வளவு உயரம் ஏறினேன் என்பதை அந்த ஒரு நிமிடம் எனக்குக் காட்டிவிட்டது.

மலையேறிய குரு ஒருவரைப்பற்றி இங்கே சொல்லவேண்டும். மிலான் நகரத்து அம்புறோசியானா நூல்நிலையத்தில் பழைய ஏடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். பெயர் அக்கில்லே றாத்தி. விடுமுறை கிடைத்தால் மலைதான். 1889ஆம் ஆண்டு யூலை மாத முடிவில், தமக்கு 32 வயதாயிருக்கையில், நண்பர் ஒருவரோடும் வழிகாட்டிகள் இருவரோடும் மொன்தே றோசா மலையின் கிழக்குப் பக்கமாக ஏறினார். அந்தப் பக்கம் பனிச்சரிவுகளுக்குப் பேர்போனது. 4634 மீற்றர் உயரமான உச்சியை அவர்கள் அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் இறங்குவது சாவைத் தேடுவது. ஆகவே உச்சிக்குச் சற்றுக் கீழே, உட்காரமட்டும் இடமுள்ள ஒரு பாறை விளிம்பில் இரா முழுவதும் இருந்தார்கள். கொண்டுபோன கோப்பியும் உறைந்தது. தூங்கினால் குளிரே கொன்றுவிடும். ஆகவே ஒருவரும் தூங்கவில்லை. விடிந்தபின்னரே, மறுபக்கத்துக் கணவாய் வழியாகச் செர்மாட்டை நோக்கி இறங்கினார்கள். அந்த இரவில் இறைவனின் மகத்துவத்தைத் தாம் உணர்ந்ததைப்பற்றி இத்தாலிய மலையேறுவோர் கழகத்தின் வெளியீட்டில் அவரே பின்னர் எழுதினார்.

எனக்கு இதில் பிடித்தது அவர் ஏறியதல்ல, அவசரப்பட்டு இறங்காததுதான். விசுவாசத்திலும் இருட்டு வருவதுண்டு. செபித்தால் பதிலில்லை, கோவிலுக்குப் போனால் மனம் ஒட்டவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் தேவனின் பெயரைச் சொல்லவே நா எழவில்லை. அந்த நேரத்தில் பலர், இனி இங்கே ஒன்றுமில்லை என்று இருட்டோடு இருட்டாக இறங்கப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் எழுந்து ஏறு என்று பிரசங்கம் செய்வதில் பயனில்லை. இருந்த இடத்தில் இரு, தூங்காதே, பக்கத்தில் இருப்பவனை விடாதே, விடியும் என்று சொன்னால் போதும்.

அந்தக் குருவானவர் 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் போலந்து நாட்டுத் தலைநகரான வார்சோவில் பாப்பரசரின் தூதுவராக இருந்தார். செஞ்சேனை நகரத்தை நெருங்கியபோது அவர் நகரத்தை விட்டுப் போகவில்லை. பாறை விளிம்பில் இருந்து பழகியவர் அல்லவா! 1922ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 6ஆம் திகதி அவரே 11ஆம் பத்திநாதர் என்னும் பெயரோடு பாப்பரசரானார். அடுத்த ஆண்டு, ஆல்ப்ஸ் கணவாய்களில் வழிப்போக்கருக்குத் தங்குமடம் கட்டிய மெந்தோன் பெர்நார்து என்னும் புனிதரை மலைவாசிகளுக்கும் மலையேறுவோருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். தாமோ அதன்பின் மலை ஏறவில்லை. 1929ஆம் ஆண்டு உடன்படிக்கை வரும்வரை வத்திக்கான் மதிலுக்கு உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்.

அவர் 1932ஆம் ஆண்டில் வத்திக்கானில் ஓவியங்களுக்கென்று ஒரு புதிய மண்டபத்தைத் திறந்துவைத்தார். 1520ஆம் ஆண்டில் மரித்த றபாயேல் என்னும் ஓவியரின் கடைசிப் படம் அங்கே இருக்கிறது. படத்தின் மேற்பாதியில் ஆண்டவர் ஒளிமயமாய் மறுரூபமாகிறார். கீழ்ப்பாதியில், இருளில், வலிப்பினால் முறுகிக் கண் பிதுங்கிய ஒரு சிறுவனைத் தகப்பன் தாங்கிப் பிடித்திருக்கிறான். சுற்றி நிற்கும் சீடர்கள் செய்வதறியாமல் கைகாட்டுகிறார்கள். மேலே பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்தவர்கள்.

ஞாயிறு வாசகம் நின்ற இடத்துக்கு அடுத்த வசனங்கள் அவைதான். அவர்கள் மறுநாள் இறங்கி வந்தார்கள் என்று லூக்காஸ் எழுதுகிறார். அடிவாரத்தில் கூட்டம், வேதபாரகரோடு வாக்குவாதம், நோயுற்ற பிள்ளையோடு ஒரு தகப்பன். கீழே தங்கியிருந்த ஒன்பது சீடர்களும் முயன்று பார்த்துத் தோற்றுப்போனார்கள். அந்தத் தகப்பன் ஆண்டவரிடம், தன் விசுவாசம் போதாது, அந்தக் குறைக்கும் நீரே உதவவேண்டும் என்று கதறுகிறான். மலையில் கூடாரம் அமைக்கக் கேட்ட இராயப்பரின் வேண்டுதலுக்கு ஆண்டவர் மறுமொழி சொன்னதாக எங்கும் எழுதப்படவில்லை. அரைகுறை விசுவாசத்தோடு அழுத இந்தத் தகப்பனுக்கோ உடனே பலன் கிடைத்தது. சீடர்கள் பின்னர் தனிமையில் காரணம் கேட்டபோது, இவ்வகைப் பேய் செபத்தினால் அன்றிப் போகாது என்றார். மலையில் இருந்த செபம் அடிவாரத்தின் தேவைக்காகத்தான் என்பது அப்போது அவர்களுக்கு விளங்கியதோ இல்லையோ, பிற்காலத்தில் விளங்கியிருக்கும்.

இதை விளங்கிக்கொண்ட ஒரு வாலிபர், அந்தப் பாப்பரசரின் காலத்திலேயே, இத்தாலியின் ரூரின் நகரத்தில் வாழ்ந்தார். பியேர் ஜோர்ஜியோ பிறசாத்தி 1901ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் திகதி பிறந்தவர். தகப்பனார் பெரிய பத்திரிகை ஒன்றின் அதிபர். ஜெர்மனிக்குத் தூதுவராயும் இருந்தவர். மகனோ சுரங்கப் பொறியியல் படித்தார், சுரங்கத் தொழிலாளரின் நடுவே இருக்கவேண்டும் என்பதற்காக. நல்ல திடகாத்திரமான பிள்ளை; சிரிப்பும் பகிடியும் நிறைந்தவர். விடுமுறை நாளில் அதிகாலைத் திருப்பலி கண்டுவிட்டு நண்பர்களோடு மலைக்குப் போவார். மற்ற நாட்களில் வின்சன்ட் டி போல் சபையினரோடு சேர்ந்து, ரூரின் நகரத்து ஏழைகளின் இருட்டு அறைகளுக்கு மாடிப்படி ஏறுவார். 1922ஆம் ஆண்டில் புனித சாமிநாதரின் மூன்றாம் சபையிலும் சேர்ந்தார். கையில் இருந்த பணம் ஏழைகளுக்குப் போய்விடுவதால் பலநாள் ட்ராம் வண்டிக்கு இல்லாமல் வீட்டுக்கு நடந்தே வருவார். நேரம் பிந்தியதற்கு வீட்டில் ஏச்சு வாங்குவார். ஏன் பிந்தியது என்று சொல்வதில்லை.

1925ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் திகதி நண்பர்களோடு ஒரு பாறையில் ஏறினார். அப்போது எடுத்த படத்தின்மேல், மேல்நோக்கி என்னும் பொருளில் இரண்டு சொல் தம் கையால் எழுதினார். இன்று உலகெங்கும் வாலிபர்கள் அந்தச் சொற்களைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. ஆனால் அவர் கடைசியாக எழுதியது அதுவல்ல.

அந்த மாத முடிவில் அவருக்குத் தலையிடியும் உடல் நோவும் கண்டன. வீட்டில் பாட்டியார் மரணப்படுக்கையில் இருந்தார். யூலை 1ஆம் திகதி இறந்தார். எல்லார் கவனமும் அங்கே. பேரன் படுத்திருப்பதை ஒருவரும் பெரிதாக எண்ணவில்லை, அவரும் முறையிடவில்லை. வைத்தியர் வந்து பார்த்தபோது இளம்பிள்ளைவாதம் முற்றிவிட்டது. ஏழைகளின் வீட்டிலிருந்தே அந்த நோய் தொற்றியிருக்கலாம் என்பார்கள்.

யூலை 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. ஏழை வீடுகளுக்குப் போகும் நாள். கைகால் விழுந்துகொண்டிருந்தது. சகோதரியைக் கூப்பிட்டுத் தம் சட்டைப் பையில் இருப்பதை எடுத்துத் தரச் சொன்னார். ஒரு நோயாளிக்கென வாங்கிய ஊசிமருந்தும் ஓர் அடகுச் சீட்டும் அதில் இருந்தன. விரல் வசப்படாத கையால், பிள்ளை எழுதியதுபோலக் கோணல்மாணலாக, சபை நண்பர் ஒருவருக்கு ஒரு துண்டு எழுதினார்: ஊசிமருந்து இன்னாருக்கு; அடகுச் சீட்டு இன்ன ஏழையினுடையது, தாம் மறந்துபோனதால் அதைத் தம் கணக்கில் புதுப்பித்துவிடவேண்டும். மறுநாள் மாலையில் உயிர் பிரிந்தது. வயது 24.

அடக்கத்தன்று பெற்றோர் தெருவில் கண்ட கூட்டம் அவர்களுக்குத் தெரியாத கூட்டம். ரூரின் நகரத்து ஏழைகள் எல்லாம் வந்திருந்தார்கள். தங்கள் மகன் யார் என்பதைத் தாயும் தகப்பனும் அன்றுதான் அறிந்தார்கள். அந்த ஏழைகளிற் பலரும், தங்கள் வீட்டுப் படியேறி வந்த பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பதை அன்றுதான் அறிந்தார்கள். 1990ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி 2ஆம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் திகதி 14ஆம் லியோ பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அந்த ஏழை தன் பொருளை மீட்டானோ என்று நான் சிலவேளை நினைப்பதுண்டு. அடகு வைத்தது என்ன? கம்பளியோ, கலியாண மோதிரமோ? பட்டியல்களில் அதெல்லாம் எழுதப்படுவதில்லை. தவணை தப்பாமல் புதுப்பிக்கச் சொல்லித் துண்டு போயிருந்தது, அவ்வளவுதான்.